எம்-பெசாவும் யுபிஐயும்: ஓர் ஒப்பாய்வு

கைப்பேசியில் பணம் அனுப்புவதை எளியவர்களின் அன்றாடப் பழக்கமாக மாற்றியதில் கென்யாவின் எம்-பெசாவும் இந்தியாவின் யுபிஐயும் முன்வரிசையில் நிற்கின்றன. இரண்டும் வளர்ந்த விதம் வேறு. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் அரசுகள் எடுத்த கொள்கை முடிவுகள்.

எம்-பெசாவை 2007 மார்ச்சில் தொடங்கியது சஃபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம். அன்று பெரும்பாலான கென்யர்களுக்கு வங்கிக் கணக்கு கிடையாது. நைரோபியில் வேலை செய்யும் மகன் தெருமுனை முகவரிடம் ரொக்கத்தைக் கொடுப்பார். அது அவருடைய எண்ணில் ஏறிவிடும்; அங்கிருந்து தாயின் எண்ணுக்கு அனுப்புவார். ஊரில் இருக்கும் தாய், குறுஞ்செய்தி வந்ததும் பக்கத்துக் கடையில் அடையாள அட்டையைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொள்வார். சாதாரண பட்டன் போனே போதும். தனிச் சட்டம் வரட்டும் என்று காத்திராமல் மத்திய வங்கி இதை அனுமதித்தது. மக்களின் பணத்தை நிறுவனத்தின் சொத்தோடு கலக்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தது.

இந்தியாவில் பாதையைப் போட்டது தனி நிறுவனம் அல்ல. வங்கிகள் சேர்ந்து நடத்தும், லாப நோக்கமற்ற என்பிசிஐ. 2016-இல் யுபிஐ வந்தபோது, எளியவர்களுக்கு வங்கிக் கணக்கு தொடங்கித் தரும் ஜன் தன் திட்டத்தால் கோடிக்கணக்கானோருக்குக் கணக்கு இருந்தது. எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக்கும் பணம் போகும். 2020 ஜனவரி முதல் வணிகருக்கும் கட்டணம் இல்லை. அதனால்தான் ஒரு முழம் பூவுக்கும் க்யூஆர் அட்டை தொங்குகிறது.

குறைகளும் இந்த வழிகளிலிருந்தே பிறந்தவை. கென்யாவில் ஒரே நிறுவனம் சந்தையை ஆள்கிறது. கட்டணமும் அதன்மேல் வரியும் ஏழையின் சிறு தொகையைக் கடிக்கின்றன. பிற நிறுவனங்களின் கணக்குக்கு நேரடியாக அனுப்பும் வசதி 2018-இல்தான் வந்தது. இந்தியாவிலோ பரிவர்த்தனைகளில் பெரும்பகுதி இரண்டே செயலிகளின் கையில். ஒரு செயலிக்கு 30 சதவீதம் என்ற உச்சவரம்பு 2026 இறுதிவரை தள்ளிப்போடப்பட்டது. பட்டன் போனுக்கென்றே வடிவமைத்த யுபிஐ வசதி 2022-இல்தான் வந்தது. ஸ்மார்ட்போன் இல்லாதவரும், தொடுதிரை பழகாத முதியவரும் இன்றும் அடுத்தவர் உதவியையே நாடுகிறார்கள்.

திறந்த பாதையைக் கென்யா இந்தியாவிடமிருந்து கற்கலாம்; முகவரின் அருமையை இந்தியா கென்யாவிடமிருந்து கற்க வேண்டும். யுபிஐக்குக் கட்டணம் வேண்டும் என்ற பேச்சு இங்கே அடிக்கடி எழுகிறது. அப்படி வந்தால் பெரிய வணிகர்களிடம் மட்டும் வசூலித்து, கிராமத்து வங்கி முகவர்களுக்கு நியாயமான வருமானம் கிடைக்க அதைச் செலவிடுவதே முறை.