கடாரத்தார் கேட்ட வரிவிலக்கு



வரி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மலர்ந்தவரை யாராவது பார்த்ததுண்டா? 2015-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நம் நாட்டில் பொருள் சேவை வரி, அதாவது ஜி.எஸ்.டி., 6 விழுக்காடு வந்தபோது நம்மவர்கள் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். மளிகைக்கடை ரசீதின் அடியில் தனியாக அச்சடித்து வந்த அந்தச் சில காசுகளைப் பார்த்து, "இதுக்கும் வரியா, அதுக்கும் வரியா?" என்று கேட்காத வீடு இல்லை. மூன்றே ஆண்டில், 2018 பொதுத்தேர்தலில், சுதந்திரம் பெற்றது முதல் ஆண்டுவந்த அரசாங்கமே மாறியது. அதற்குக் காரணங்கள் பல என்றாலும் அந்த ரசீதும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது. அவ்வாண்டு ஜூன் முதல் தேதி ஜி.எஸ்.டி. பூஜ்யமாக்கப்பட்டது. செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. அது ரசீதில் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. ஆகவே கோபமும் அவ்வளவாக இல்லை!

கண்ணுக்குத் தெரியும் வரிக்குக் கோபம் வருகிறது. தெரியாத வரி சத்தமில்லாமல் போய்விடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு வாருங்கள், நம் கெடா மாநிலத்தின் வரிக் கதையைச் சற்றுப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை சன்னலுக்கு வரி போட்டதையும், அதற்குப் பயந்து மக்கள் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்ததையும், ரஷ்யாவில் பீட்டர் மன்னர் தாடிக்கு வரி போட்டதையும் பொது அறிவு நூல்களில் நீங்களே படித்துக்கொள்ளலாம். நம் ஊர்க் கதை அவற்றுக்கு இளைத்ததல்ல.

பழந்தமிழ் நூல்களும் கல்வெட்டுகளும் கடாரம் என்று சொல்வது நம் கெடாவைத்தான். 1025-ம் ஆண்டில் இராசேந்திர சோழன் கடற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். படையெடுப்பு எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் இருந்த வரிச் சங்கதிதான் பலருக்குத் தெரியாது.

இராசராச சோழன் காலத்தில், 1006-ம் ஆண்டையொட்டி, ஸ்ரீவிசயத்தையும் கடாரத்தையும் ஆண்ட அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பினார். சூடாமணி விகாரம் என்று அதற்குப் பெயர். அதன் செலவுக்காக ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை இராசராசன் விட்டுக்கொடுத்தான். அந்த ஊர் ஆண்டுக்குக் கட்டவேண்டிய நெல் எவ்வளவு தெரியுமா? 8,943 கலத்துக்கும் மேல்! அதோடு நிற்கவில்லை. போர் முடிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனபின், 1090-ஐ ஒட்டி, கடாரத்து அரசர் முதலாம் குலோத்துங்கனிடம் இரண்டு தூதர்களை அனுப்பினார். எதற்கு? நாகப்பட்டினத்துப் பள்ளிகளுக்குரிய ஊர்களின் மீதிருந்த சில வரிகளை நீக்கித் தரும்படி கேட்பதற்கு! குலோத்துங்கனும் இசைந்தான். இந்த விவரம் செப்பேட்டில் எழுதப்பட்டது. அச்செப்பேடுகள் பின்னாளில் ஹாலந்து நாட்டு லெய்டன் நகருக்குக் கொண்டு போகப்பட்டதால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. கெடாவிலிருந்து கடல் கடந்து போய் வரிவிலக்குக் கேட்டு வாங்கி வந்த முதல் சேதி, நமக்குத் தெரிந்தவரை, இதுதான்.

குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. வழிச்சுங்கத்தை நீக்கியதால் வந்த புகழ். ஒரு வரியை எடுத்ததற்காக ஆயிரம் ஆண்டு பெயர் நிற்கிறது என்றால், மற்ற வரிகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பல்லவர், சோழர் காலத்துச் சாசனங்களைப் பார்த்தால் தலை சுற்றும். தறி வைத்திருந்தால் தறியிறை. செக்கு ஆட்டினால் செக்கிறை. குயவருக்குக் குசக்காணம், தட்டாருக்குத் தட்டாரப்பாட்டம். கல்யாணம் செய்தால் கண்ணாலக்காணம். வண்ணார் துணி துவைக்கும் கல்லுக்குக்கூட வண்ணாரப்பாறை என்று ஒரு வரி. கள் இறக்குபவருக்கு ஈழம்பூட்சி. (இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள். பின்னால் நம் தோட்டத்துக்கே வரப்போகிறது.) காசு, நெல் இல்லாதவன் உடம்பால் கட்டவேண்டும், அரசுக்குக் கூலியில்லாமல் உழைக்கும் அந்தக் கடமைக்கு 'வெட்டி' என்று பெயர். இன்றைக்கு வீட்டில் "வெட்டி வேலை பார்க்காதே" என்று திட்டுகிறோமே, அந்த வெட்டிதான். பழைய மலாய் நாடுகளில் அதையே 'கெரா' என்றார்கள். கெடாவின் குடியானவர்களும் அதற்குத் தப்பவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'இறையிலி' என்று எழுதிவிட்டால் உழவன் வரியே கட்டவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் அரசனுக்குப் போகவேண்டிய நெல் கோயிலுக்கோ பள்ளிக்கோ போகும், அவ்வளவுதான். கடாரத்து அரசருக்குத் தூதர்கள் இருந்தார்கள், செப்பேடு கிடைத்தது. ஆனைமங்கலத்து உழவனுக்காகத் தூது போனவர் யாரும் இல்லை. அவன் களத்தில் நெல்லை அளந்துகொண்டுதான் இருந்தான்.

நிற்க. வரி பொறுக்காமல் மக்கள் எதிர்த்து நின்ற கதைகள் நம் மலாயா மண்ணிலும் உண்டு. மலாக்காவை அடுத்த நானிங்கில், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடு என்று கிழக்கிந்தியக் கம்பெனி கேட்டது. தலைவர் டோல் சைட் மறுத்தார். 1831-ல் போன படை தோற்றுத் திரும்பியது. 1832-ல் பெரும்படை போய்த்தான் வென்றது. கொஞ்சம் நெல்லுக்காக ஒரு லட்சம் பவுன் செலவானதாகச் சொல்வார்கள். இதில் நமக்கு ஒரு சங்கடம்: கம்பெனிக்காகச் சண்டை போட வந்தவை சென்னை மாகாணத்துச் சிப்பாய்ப் படைகள். கிளந்தானில் 1915-ல் தோக் ஜங்குட் நிலவரியை எதிர்த்து எழுந்து உயிரையே கொடுத்தார்.

கெடாவிலோ அந்நாளில் அரசு நேராக வரி வாங்கியதே குறைவு. அபினி விற்கும் உரிமை, சூதாட்டம் நடத்தும் உரிமை என்று ஒவ்வொன்றையும் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். பினாங்கு முதலாளிகள் அவற்றை எடுப்பார்கள். அபினி இழுக்கிற சீனக் கூலிக்குத் தான் வரி கட்டுகிறோம் என்று தெரியாது. அவன் ஆசைக்குக் காசு கொடுத்தான். அந்தக் காசு கஜானாவுக்குப் போனது.

தமிழர் கதைக்கு வருவோம். 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றைச் சட்டம் போட்டு ஏற்படுத்தினார்கள். தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்த ஒவ்வொரு தோட்டமும், அவர்கள் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நிதிக்குப் பணம் கட்டவேண்டும். கெடாவும் இதில் அடக்கம். அந்தப் பணத்தில்தான் புதிய தொழிலாளருக்குக் கப்பல் டிக்கெட் எடுத்தார்கள். உலகத்தில் எத்தனையோ விசித்திர வரிகள் உண்டு. ஆனால் தமிழன் மரம் வெட்டும் ஒவ்வொரு நாளுக்கும் வரி வாங்கி, அதில் இன்னொரு தமிழனைக் கூட்டிவந்த வரி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கட்டியது தொரைதானே, நமக்கு என்ன நஷ்டம் என்பீர்கள். வருகிறவன் டிக்கெட் கடன் இல்லாமல் வந்தான், அது நல்லதே. ஆனால் ஆள் குறையாமல் வந்துகொண்டே இருந்தால் கூலி எப்படி உயரும்? 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, ஆயிரமாயிரம் பேரை அதே நிதியிலிருந்து டிக்கெட் எடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

அவர்கள் கப்பலேறிய முகாம்களில் ஒன்று எங்கே இருந்தது? நாகப்பட்டினத்தில்! கடாரத்து அரசர் விகாரம் கட்டி வரிவிலக்குப் பெற்ற அதே ஊர். அங்கிருந்துதான் நம் பாட்டன் பாட்டிமார் பலர் பினாங்கில் வந்து இறங்கி, கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனார்கள். அந்த நிதி 1958-ல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று மாறி, 1999-ல் அதன் சட்டம் நீக்கப்பட்டது.

இனி ஈழம்பூட்சி. தோட்டத்துக் கள்ளுக்கடை அரசாங்க லைசென்சில் நடந்தது. பட்டணத்தில் அரசாங்கமே கள்ளுக்கடை வைத்திருந்தது. மரம் வெட்டிக் களைத்த மனிதன் சாயங்காலம் மங்கில் ஊற்றி வாங்கிக் குடித்த கள்ளில் ஒரு பங்கு அரசாங்க வருமானம். தோட்டத்துக் கடையின் லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவழிக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடும் இருந்தது. அதாவது அப்பா குடித்தால் பிள்ளைக்குப் பந்து! அந்தக் கள்ளில் வரி இருக்கிறது என்று குடித்தவருக்கு யாரும் ரசீது கொடுக்கவில்லை. சம்பள நாளில் வெறுங்கையோடு வந்தவரைப் பார்த்த வீட்டுப் பெண்களுக்குத்தான் கணக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் போனபின், ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர்கள் சீருடை போட்டுப் பயிற்சி எடுத்தார்கள். "கள்ளுக் குடிக்காதே" என்று லயம் லயமாகச் சொன்னார்கள். மத்திய கெடா, தென் கெடாத் தோட்டங்களில் இயக்கம் பரவியது. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். அவர்கள் அதை வரி எதிர்ப்பு என்று சொல்லவில்லை. மானம் என்றார்கள், குடும்பம் என்றார்கள். ஆனால் கள் விற்காவிட்டால் யாருக்கு நஷ்டம் என்பது அதிகாரிகளுக்கு நன்றாகத் தெரியும். தொழிலாளி குடியை விட்டுச் சங்கம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது தொரைமாருக்கும் தெரியும். 1947-ம் ஆண்டின் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை மறியல் போலீசுடன் மோதலாக முடிந்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அடுத்த சில நாட்களில் புக்கிட் செம்பிலான் தோட்டத்திலும் போலீசார் புகுந்தனர். பலர் கைதாகிச் சிறை சென்றனர்.

கடைகள் மூடவில்லை. அதன் பிறகும் எத்தனையோ ஆண்டுகள், சாயங்கால வேளையில், மங்கு ஏந்திய வரிசை அங்கே நின்றுகொண்டுதான் இருந்தது.