விரல் எட்டணுமே!

சினிமாவில் ஹீரோவின் துப்பாக்கி என்றைக்காவது மக்கர் பண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? ம்ஹூம்! இடுப்பிலிருந்து உருவுவார், சுடுவார், வில்லன் சுருண்டு விழுவான். நிஜத்தில் விஷயம் அத்தனை சுலபமில்லை. இடுப்பில் செருகிக்கொள்ள நம்பகமான ஒரு பிஸ்டலைத் தேர்ந்தெடுப்பதற்குள், உலகத்தின் பணக்கார ராணுவத்துக்கே நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனைக்கும் அவர்களிடம் அணுகுண்டே இருந்தது!

கதை பிலிப்பைன்ஸில் ஆரம்பிக்கிறது. 1898 யுத்தத்தில் ஸ்பெயினை ஜெயித்த அமெரிக்கா, இரண்டு கோடி டாலர் கொடுத்து அந்தத் தீவுகளைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. அங்கே குடியிருந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? குறிப்பாக, தெற்குத் தீவுகளின் மோரோ முஸ்லிம்கள். வாளை உருவிக்கொண்டு நேராகப் பாய்ந்தார்கள். அமெரிக்க அதிகாரிகளின் இடுப்பில் இருந்ததோ .38 ரிவால்வர். சுட்டார்கள், குண்டும் பாய்ந்தது. ஆனால், பாய்ந்து வந்தவர் நிற்கவில்லை!

மிகைப்படுத்திச் சொல்கிறார்களோ என்று சந்தேகம் வருகிறதா? 1905-ல் சமார் தீவில் ஆன்டோனியோ காஸ்பி என்ற கைதி தப்பி ஓட முயன்றார். கைகலப்பில், மிக அருகிலிருந்து .38 ரிவால்வரால் அவரை நான்கு முறை சுட்டார்கள். அப்போதும் மனிதர் அடங்கவில்லை. கடைசியில் துப்பாக்கிக் கட்டையால் நெற்றியில் ஓங்கி ஒரு போடு... அதற்குத்தான் மயங்கி விழுந்தார். அமெரிக்க ராணுவ மருத்துவ ஆவணங்களில் பதிவான சம்பவம் இது.

அதற்கு முந்தைய வருஷமே ராணுவம் விழித்துக்கொண்டிருந்தது. ஜான் தாம்ஸன் என்ற கேப்டனும், லூயி லகார்ட் என்ற டாக்டரும் சிகாகோவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஊரின் பெரிய கசாப்பு மாட்டுச் சந்தையில் உயிரோடு நின்ற மாடுகள் மீது விதவிதமான தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தார்கள். கட்டித் தொங்கவிட்ட மனிதச் சடலங்களையும் விட்டுவைக்கவில்லை. படிக்கவே குமட்டுகிறது, இல்லையா? அவர்கள் எழுதிய தீர்ப்பு: 'குண்டு .45-க்குக் குறையக்கூடாது.' அதாவது, பதினொன்றரை மில்லிமீட்டர் பருமன். (இந்தத் தாம்ஸன்தான் பின்னாளில் 'டாமி கன்' செய்தவர். அதே சிகாகோவின் தாதாக்கள் அதைக் கொஞ்சியது தனிக்கதை!)

இனி அந்த குண்டைச் சுட ஒரு பிஸ்டல் வேண்டும். வந்தார் ஜான் பிரௌனிங். அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில், ஆக்டன் என்ற ஊரில், துப்பாக்கி செய்யும் அப்பாவின் பட்டறையிலேயே வளர்ந்த மேதை. அவருடைய டிசைனை எடுத்துக்கொண்டு கோல்ட் கம்பெனி களத்தில் இறங்கியது. எதிரே சாவேஜ் கம்பெனி. 1911 மார்ச்சில் ஃபைனல். ஒரு பிஸ்டலுக்கு ஆறாயிரம் ரவுண்டு! சூடேறினால் ஆறவைத்து, துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி டுமீல்... டுமீல்! சாவேஜ் 37 முறை தகராறு செய்தது. கோல்ட்? ஒரு முறைகூட இல்லை. அந்த மாதம் 29-ம் தேதி அமெரிக்க ராணுவம் அதை அங்கீகரித்தது. பெயர் 'எம்-1911'.

குண்டின் பருமன் பார்த்தாயிற்று, சிக்கிக்கொள்கிறதா என்றும் பார்த்தாயிற்று. ஒன்றை மட்டும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. அதைப் பிடிக்கப்போகிற கை!

முதல் உலகப்போரில் லட்சக்கணக்கான சாதாரண இளைஞர்களின் கைக்கு இந்தப் பிஸ்டல் போனபோதுதான் குட்டு உடைந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை. சின்னக் கைக்காரர்களுக்கு விசை எட்டவில்லை. சுடும்போது பின்னால் வரும் சுத்தியல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருக்கும் சதையை 'நறுக்'கென்று கடித்தது. அவசரத்தில் நீட்டிச் சுட்டால் குண்டு கீழே போயிற்று.

'விரல் எட்டாவிட்டால் என்ன, கொஞ்சம் எக்கிப் பிடிக்கவேண்டியதுதானே?' என்று கேட்பீர்கள். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பிஸ்டலை நீட்டினால், அதன் குழலும் உங்கள் முன்னங்கை எலும்பும் ஒரே நேர்க்கோட்டில் வரவேண்டும். அப்படிப் பிடித்தபடியே ஆள்காட்டி விரலின் சதைப்பகுதி விசைமீது பதியவேண்டும். பிடி பெரிசாக இருந்தால் விரல் நுனி மட்டும்தான் தொடும். நுனியால் இழுக்கும்போது, துப்பாக்கி ஒரு பக்கமாகத் தள்ளப்படும். சரி என்று கையைச் சுற்றித் திருப்பிப் பிடித்தால், உதை முழுக்கக் கட்டைவிரல் மூட்டில் இறங்கும், பிடி தளரும்.

தளர்ந்தால் இன்னொரு ஆபத்து. தானியங்கிப் பிஸ்டலில் ஒவ்வொரு முறை சுட்டதும் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் ஓடி, காலி உறையை வெளியே தள்ளிவிட்டு, திரும்பும்போது புதுத் தோட்டாவை உள்ளே ஏற்றுகிறது. அது முழுசாகப் பின்னால் ஓடவேண்டுமானால் கீழ்ப்பகுதி அசையாமல் நிற்கவேண்டும். நிறுத்தி வைப்பது யார்? உங்கள் கைதான்! கையும் சேர்ந்து பின்னால் போனால் ஸ்லைடு பாதி வழியில் நின்று, தோட்டா சிக்கிக்கொள்ளும். பரிசோதனைக் கூடத்தில் ஆறாயிரம் முறை சிக்காத இயந்திரம்கூட, பொருந்தாத கையில் ஆறாவது முறையே சிக்கலாம். ஆக, 'கைக்குப் பொருந்துகிறதா' என்பதும், 'நம்பகமானதா' என்பதும் இரண்டு கேள்விகளே இல்லை.

1920-களில் திருத்தினார்கள். விசையைக் குட்டையாக்கி, அதன் பின்னால் இரண்டு பக்கமும் விரல் தங்கக் குழிவு செதுக்கினார்கள். சதை கடிபடாமலிருக்கப் பின்வாலை நீட்டினார்கள். பிடியின் பின்பக்கத்தை வளைத்து உப்பலாக்க, குழல் தானாகக் கொஞ்சம் மேலே நிமிர்ந்தது. 1926-ல் அதற்கு 'எம்-1911ஏ1' என்று பெயர் சூட்டினார்கள். அதே வருஷம் நவம்பரில், பெல்ஜியத்தின் லியேஜ் நகரத் தொழிற்சாலையில் வேலையில் இருக்கும்போதே பிரௌனிங் மாரடைப்பில் இறந்துபோனார்.

பாடம் படித்தாயிற்று என்றுதானே நினைக்கிறீர்கள்? 1985-ல் மறுபடி அதே தப்பு! நேட்டோ நாடுகளோடு ஒத்துப்போக 9 மில்லிமீட்டருக்கு மாறிய அமெரிக்கா, இத்தாலியின் பெரெட்டாவைத் தேர்ந்தெடுத்தது. கொள்ளளவு பதினைந்து தோட்டா. இரண்டு வரிசையாக அடுக்கினால்தான் அத்தனை பிடிக்கும். விளைவு, தடித்த பிடி. முதல் குண்டுக்கு விசையும் வெகு தூரத்தில். ராணுவத்தில் பெண்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் வேறு. டாக்டர், பைலட், மிலிட்டரி போலீஸ் என்று பலருக்கு இதுதான் ஆயுதம். சின்னக் கைக்காரர்கள் முப்பது வருஷத்துக்கு மேல் முனகிக்கொண்டே சுமந்தார்கள்.

2017 ஜனவரியில்தான் விடிந்தது. புதுப் பிஸ்டலுக்கான டெண்டரில், வெவ்வேறு அளவுக் கைகளுக்குப் பொருந்தவேண்டும் என்பதையே நிபந்தனையாக வைத்தார்கள். சிக் சாவர் கம்பெனியின் 'பி-320' ஜெயித்தது. சட்டை மாதிரி ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்று சைஸில் பிடி! விசை இயங்கும் உள்பாகத்தை மட்டும் கழற்றி, தேவையான பிடிக்குள் மாட்டிக்கொள்ளலாம். தோற்ற க்ளாக் கம்பெனி புகார் கொடுக்க, கணக்குகள் வெளியே வந்தன. சிக் சாவரின் விலை சுமார் 17 கோடி டாலர். க்ளாக் கேட்டது 27 கோடி. காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு ஒரு நமுட்டுச் சிரிப்பு வந்தது. கை அளவைவிடப் பர்ஸ் அளவு கொஞ்சம் அதிகமாகவே பேசியிருக்கும்! புகார் தள்ளுபடியாகிவிட்டது.

அதே ஆகஸ்ட்டில், கடைகளில் விற்ற பி-320 ஒரு குறிப்பிட்ட கோணத்தில், பின்பக்கமாகக் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று தெரியவந்தது. ராணுவச் சோதனையிலும் கிட்டத்தட்ட அதே கோளாறு. காரணம் ரொம்ப எளிமை. விசையின் எடை கொஞ்சம் அதிகம். விழுந்த வேகத்தில் துப்பாக்கி சட்டென்று நிற்க, விசை மட்டும் தன் கனத்தாலேயே பின்னால் நகர்ந்துவிட்டது. கம்பெனி இலேசான விசையை மாற்றிக் கொடுத்தது. அதற்குப் பிறகும், கீழே விழாமலே, இடுப்பு உறையில் இருக்கும்போதே வெடித்ததாக அமெரிக்கக் கோர்ட்டுகளில் வழக்குகள் குவிந்தன. துப்பாக்கியில் குறை இல்லை என்று கம்பெனி சாதித்தது. நூறு வருஷமாக 'விசை விரலுக்கு எட்டவில்லை' என்று புலம்பியவர்களுக்கு, விரலே இல்லாமல் விசை அழுந்துகிறது என்ற புதுப் புகார்!