சீன மாணாக்கரின் ஆங்கிலப் பாடம்: மிஷன் வரலாற்றில் ஓர் ஆய்வு

மிஷனெரிகள் அயல்மொழிகளைக் கற்ற வரலாறு நமக்கு நன்கு தெரிந்ததே. சீகன்பால்கு தரங்கம்பாடியில் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றதை இறையியல் மாணவர் யாவரும் அறிவர். ஆனால், மிஷனெரியின் மொழியைக் கற்க வந்த மாணாக்கனின் வரலாறு அத்தனை கவனத்தைப் பெற்றதில்லை. அவன் எதற்காக வந்தான்? எதைக் கற்றான்? கற்றதைக் கொண்டு எங்கே சென்றான்? இக்கேள்விகளுக்குச் சீன நாட்டு வரலாறு தெளிவான விடைகளைத் தருகிறது. அவ்விடைகள் நம்முடைய இறையியல் கல்விக்கும் பொருந்துவன என்பதால் அவற்றை இங்கு ஆராய முற்படுகிறோம்.

தடைசெய்யப்பட்ட பாடம்

1757 முதல் 1842 வரை மேலைநாட்டு வணிகர் காண்டன் துறைமுகம் ஒன்றில் மட்டுமே வாணிபம் செய்ய அனுமதிக்கப்பட்டனர். அந்நியருக்குச் சீனமொழி கற்பிப்பது குற்றமாகக் கருதப்பட்டது. 1759-இல் ஜேம்ஸ் ஃபிளின்ட் என்னும் ஆங்கிலேயர் பேரரசருக்கு அனுப்பிய விண்ணப்பத்தைச் சீனத்தில் எழுதிக்கொடுத்தவர் மரணதண்டனை பெற்றார். ஆகவே, இரு சாராரும் ஒருவர் மொழியை ஒருவர் கற்காமலே வாணிபம் நடத்த வேண்டியிருந்தது.

இந்நிலையில் பிறந்ததே 'பிட்ஜின்' எனப்படும் கலப்பு ஆங்கிலம். கடைக்காரரும் ஏவலாளரும் சில நூறு சொற்கள் அடங்கிய சிறு அச்சுப் புத்தகங்களை வாங்கிப் படித்தனர். அவற்றில் ஆங்கில எழுத்து ஒன்றுகூடக் காணப்படாது. ஆங்கிலச் சொல்லின் ஒலியைச் சீன எழுத்துக்களாலேயே குறித்திருந்தனர். சொற்கள் ஆங்கிலத்தினுடையவை; அவற்றைக் கோத்த முறையோ சீனத்தினுடையது. சீனமொழியில் எண்ணுப்பெயரைப் பொருட்பெயரோடு நேரே சேர்ப்பதில்லை. இடையில் ஓர் அளவைச் சொல் வரவேண்டும். நாம் 'நான்கு பேர்' என்பதில் 'பேர்' நிற்பதைப்போல் அது நிற்கும். எனவே ஒரு மனிதனைக் குறிக்கக் காண்டன் வணிகர் 'ஒன் பீசீ மேன்' என்றனர். கேட்ட ஆங்கிலேயர் நகைத்தனர். ஆயினும் அது பிழைகளின் குவியல் அன்று. தாய்மொழியின் இலக்கணம் அயல்மொழிச் சொற்களுக்குள் ஒழுங்காகப் புகுந்து நின்றதையே அதில் காண்கிறோம்.

மலாக்காவின் இருவழிப் பாடம்

லண்டன் மிஷன் சங்கத்தின் ராபர்ட் மாரிசன் 1807-இல் காண்டன் வந்து சேர்ந்தார். அவர் எழுதிய சீன இலக்கணம் 1815-இல் வங்காளத்துச் சேராம்பூர் மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று என்பது நம் நாட்டவர் அறியத்தக்க செய்தியாகும். அவருடைய சீன அகராதி 1815 முதல் 1823 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. 1823-இல் சீன மாணாக்கருக்கென ஓர் ஆங்கில இலக்கண நூலையும் அவர் வெளியிட்டார்.

சீனாவுக்குள் பள்ளி நடத்த இயலாமையால், 1818-இல் மலாக்காவில் ஆங்கிலோ-சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வில்லியம் மில்ன் அதன் முதல் தலைவரானார். இக்கல்லூரியின் அமைப்பு நம் சிந்தனைக்கு உரியது. சீன மாணாக்கர் அங்கு ஆங்கிலமும் மேலைநாட்டு அறிவும் பயின்றனர். அதே கூரையின்கீழ் மேலைநாட்டார் சீனமொழியும் இலக்கியமும் பயின்றனர். கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்ற பிரிவினை அதன் நோக்கத்தில் இல்லை. இந்த இருவழிப் பண்பு எங்கே காக்கப்பட்டது, எங்கே இழக்கப்பட்டது என்பதே பின்வந்த வரலாற்றை அளக்கும் கோலாகும்.

இலக்கணம் என்னும் இடர்

சீன மாணாக்கன் ஆங்கிலத்தில் எதிர்ப்பட்ட இடர்கள் யாவை? முதலாவது, சீன வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறுவதில்லை. 'நேற்று', 'நாளை' என்னும் சொற்களாலும், செயல் முடிந்ததைக் காட்டும் இடைச்சொற்களாலும் காலம் விளங்கும். ஆங்கிலமோ ஒவ்வொரு வினையிலும் காலத்தைக் குறிக்கக் கட்டாயப்படுத்துகிறது. இரண்டாவது, சீனப் பெயர்ச்சொற்கள் பொதுவாக ஒருமை பன்மைக்கென வடிவம் மாறுவதில்லை. மூன்றாவது, ஆங்கிலப் பெயர்களின் முன் வரும் 'எ', 'தி' போன்ற சார்புச் சொற்கள் சீனத்தில் இல்லை. அவை தமிழிலும் இல்லாமையால் இந்த இடர் நமக்கும் அனுபவத்தில் தெரிந்ததே. நான்காவது, 'அவன்', 'அவள்' என்னும் இரண்டுக்கும் வடசீனப் பேச்சில் ஒலி ஒன்றே. 'அவள்' என்பதற்குத் தனி எழுத்து வழங்கத் தொடங்கியதே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

கற்கும் முறையிலும் வேறுபாடு இருந்தது. சீனப் பள்ளியில் மாணாக்கன் பாடத்தை உரக்கப் படித்து நெட்டுருச் செய்து, ஆசிரியருக்கு முதுகைக் காட்டி நின்று ஒப்பிக்க வேண்டும். நம் திண்ணைப் பள்ளிகளின் நெட்டுருவுக்கு இது தூரமானதன்று. ஆங்கிலத்தையும் அவர்கள் அவ்வாறே அணுகினர். சொற்களை வரிசை வரிசையாக மனனம் செய்வது அவர்களுக்கு எளிதாயிருந்தது. சொல்லின் ஈற்றில் ஏற்படும் சிறு மாற்றங்களே கடினமாயிருந்தன.

இவற்றைக் கண்ட மேலைநாட்டார் பலர், சீனத்திற்கு இலக்கணமே இல்லையென முடிவு கட்டினர். இம்முடிவு தவறானது. வேற்றுமை வேறு, குறைபாடு வேறு. சொல்லின் ஈற்றால் ஆங்கிலம் உணர்த்துவதைச் சொற்களின் வரிசையாலும் இடைச்சொற்களாலும் சீனம் உணர்த்துகிறது. இருப்பினும் அந்த முடிவின் நிழல் சீனர் மேலும் படிந்தது. 1898-இல் மா ஜியன்சுங் வெளியிட்ட இலக்கண நூல் சீனர் ஒருவர் தம் மொழிக்கு மேலை முறையில் எழுதிய முதல் முழுமையான இலக்கணமாகப் போற்றப்படுகிறது. ஆனால் லத்தீன் இலக்கணத்தின் அச்சில் சீனத்தை வார்த்துவிட்டார் என்ற குறைகூறலும் அதன்மேல் எழுந்தது.

இலக்கணம் இறையியலையும் தொட்டது. சீனப் பெயர்ச்சொல்லுக்கு ஒருமை பன்மை வடிவம் இல்லாமையால், 'ஷென்' என்னும் சொல் 'கடவுள்' என்றும் 'தெய்வங்கள்' என்றும் பொருள்படக்கூடும். 1847-இல் ஷாங்காயில் வேதாகம மொழிபெயர்ப்புக்குக் கூடினவர்கள் இதனால் இரண்டாகப் பிரிந்தனர். மெட்ஹர்ஸ்டும் லெக்கும் 'உன்னதப் பேரரசர்' எனப் பொருள்படும் 'ஷாங்தி' என்ற சொல்லை ஆதரித்தனர். பூன் முதலான அமெரிக்கர் 'ஷென்' என்ற சொல்லை ஆதரித்தனர். 1919-இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பும் இரு பதிப்புகளாகவே வழங்கலாயிற்று. வகுப்பறையில் சிறு பிழையெனத் திருத்தப்பட்ட ஒருமை பன்மை, மொழிபெயர்ப்பு மேசையில் கடவுளின் பெயரைப் பற்றிய வழக்காக உயர்ந்துவிட்டதைக் காண்கிறோம்.

மூன்று வாழ்க்கைகள்

முதலாமவர் லியாங் ஃபா. அச்சுக்கு மரப்பலகையில் எழுத்து வெட்டும் தொழிலாளி. மில்னுடன் மலாக்கா சென்று 1816-இல் ஞானஸ்நானம் பெற்றார். ஆங்கிலக் கல்வி அவரை உருவாக்கவில்லை. மில்ன் சீனம் கற்றிருந்தமையாலேயே இருவரும் பேச முடிந்தது. 1832-இல் அவர் வெளியிட்ட நற்போதனை நூல் ஹுங் சியுசுவான் கைக்கு எட்டித் தைப்பிங் எழுச்சிக்கு ஒரு வித்தாயிற்று. அந்த எழுச்சியின் திரிபுகளுக்கு அவர் பொறுப்பாளி அல்லர். ஆனால் தாய்மொழியில் எழுதப்பட்ட சொல் எத்தனை தூரம் செல்லும் என்பதற்கு அது சான்று.

இரண்டாமவர் ஹோ ஃபுக்-தாங். மலாக்காக் கல்லூரியில் ஜேம்ஸ் லெக்கின் மாணாக்கர். ஆசிரியரும் மாணாக்கரும் ஏறக்குறைய ஒரே வயதினர். ஹோ ஆங்கிலம் கற்று, அதன் வழியே கிரேக்கமும் எபிரேயமும் கற்றார். 1846-இல் குருப்பட்டம் பெற்று, 1871-இல் மரிக்கும்வரை ஹாங்காங்கின் சீனச் சபைக்கு ஊழியம் செய்தார். நற்செய்தி நூலுக்குச் சீனத்தில் விளக்கவுரை எழுதினார். அவருக்கு ஆங்கிலம் ஒரு வாசல். அதன் வழியே சென்று, பெற்றதைத் தம் மக்களின் மொழியில் கொண்டுவந்து சேர்த்தார்.

மூன்றாமவர் யுங் விங். மக்காவில் சாமுவேல் பிரவுன் நடத்திய மாரிசன் பள்ளியில் காலையில் ஆங்கிலமும் பிற்பகலில் சீனமும் பயின்றார். 1847-இல் பிரவுனுடன் அமெரிக்கா சென்றார். கல்லூரிக் கல்விக்கு உதவித்தொகை அளிக்க முன்வந்தவர்கள், படிப்பு முடிந்ததும் மிஷனெரியாக வேண்டுமென உறுதிமொழி கேட்டனர். சீனாவுக்குத் தாம் செய்யக்கூடிய நன்மையை முன்னதாகவே ஒரே வழிக்குள் அடைக்கலாகாது எனக் கூறி அவர் மறுத்தார். வேறு நல்லோர் உதவியால் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கணிதத்தில் இடர்ப்பட்ட அவர் ஆங்கிலக் கட்டுரையில் முதற்பரிசுகள் பெற்றார். 1854-இல் பட்டம் பெற்றார்.

அவர் தம் வரலாற்றில் குறிப்பிடும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. தாயகம் திரும்பும் கப்பல் ஹாங்காங்கை நெருங்கியபோது, அருகில் பாறைகள் உண்டா எனச் சீன வழிகாட்டியிடம் கேட்கும்படி கப்பல் தலைவர் பணித்தார். யுங் விங்குக்கோ அச்சொற்கள் சீனத்தில் வரவில்லை. சீன வழிகாட்டியே அவற்றை அவருக்கு எடுத்துக்கொடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் அவர் தம் தாய்மொழியை மீண்டும் கற்றார். அவருடைய முயற்சியால் 1872 முதல் 1875 வரை 120 சிறுவர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். சீனக் கல்வியை மறந்து அந்நியராகிவிடுவர் என்ற அச்சத்தால் 1881-இல் அவர்கள் திருப்பி அழைக்கப்பட்டனர். ஆயினும் பீக்கிங்–சாங்சியாகோ இருப்புப்பாதையை அமைத்த ஜான் தியென்யூ அவர்களில் ஒருவரே.

மிஷன் பள்ளிகளின் வழக்கு

1842-க்குப் பின் நிலைமை மாறிற்று. அபினிப் போரின் பீரங்கிகள் துறைமுகங்களைத் திறந்தன. மிஷனெரிகளில் சிலர் அப்போரில் மொழிபெயர்ப்பாளராயும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. 1858-இல் கையொப்பமான தியன்சின் உடன்படிக்கையின்படி, பொருளில் ஐயம் எழுந்தால் ஆங்கில வாசகமே செல்லும். இனி ஆங்கிலம் அறியாமை நாட்டுக்கே ஆபத்து எனச் சீன அரசு உணர்ந்து, 1862-இல் பீக்கிங்கில் அயல்மொழிப் பள்ளி ஒன்றைத் திறந்தது. அதன் முதல் ஆங்கில ஆசிரியர் மிஷனெரியான ஜான் பர்டன். வகுப்பில் சமயம் போதிக்கலாகாது என்ற நிபந்தனையின்பேரில் அவர் அமர்த்தப்பட்டார்.

ஆங்கிலம் பிழைப்புக்கு வழியானபின் மிஷன் பள்ளிகளை ஒரு கேள்வி வருத்திற்று. 1843-இல் மலாக்காக் கல்லூரியை ஹாங்காங்குக்கு மாற்றிய லெக், மாணாக்கர் ஆங்கிலம் கற்றதும் வணிக நிலையங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் செல்வதைக் கண்டு 1856-இல் அதை மூடினார். அதற்கு ஓராண்டு முன்னர், 1855-இல், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டதற்கும் இதையொத்த காரணம் கூறப்பட்டது. கடல் கடந்த இரு இடங்களில் ஒரே நோய், ஒரே மருத்துவம்!

ஷாண்டுங் மாகாணத்து டெங்சௌவில் கல்லூரி நடத்திய கால்வின் மட்டீர் ஆங்கிலப் போதனையை எதிர்த்தார். ஆங்கிலம் கற்றவன் துறைமுக நகருக்குப் போய்விடுவான், தன் மக்களிடையே செல்வாக்கு இழப்பான் என்பது அவர் வாதம். அவர் கணிதத்தையும் அறிவியலையும் சீனத்திலேயே கற்பித்தார். ஷாங்காயின் புனித யோவான் கல்லூரியோ 1881-இல் ஆங்கிலப் பிரிவைத் தொடங்கி, ஹாக்ஸ் பாட் தலைமையில் ஆங்கிலத்தை முதன்மையாக்கிற்று. மாணாக்கர் கேட்பதைக் கொடாமல் அவர்களை அடைய முடியாதென்பது அப்பக்கத்து நியாயம்.

காலம் ஷாங்காயின் பக்கம் நின்றதுபோல் தோன்றிற்று. 1898-இல் ஷாங்காயின் கமர்ஷியல் பிரஸ், இந்தியப் பள்ளிகளுக்கென ஆங்கிலேயர் தயாரித்த ஆங்கிலப் பாலபாடத்தைச் சீன உரையுடன் வெளியிட்டபோது அது பெரிதும் விற்பனையாயிற்று. உரை எழுதியவர் ஒரு சீனப் போதகரின் மகனான ஷியே ஹுங்லாய். மட்டீரின் கல்லூரியும் பின்னர் ஆங்கிலத்தை ஏற்றது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி தீரவில்லை. 1952-க்குள் மிஷன் கல்லூரிகள் யாவும் கலைக்கப்பட்டபோது, அவற்றை அந்நியரின் உடைமையாகவே பலர் கண்டனர்.

நாம் பெறும் பாடம்

மூடிய லெக்கும், எதிர்த்த மட்டீரும், வளர்த்த பாட்டும் ஒரு கருத்தில் ஒன்றுபட்டனர். மொழியைக் கற்பிப்பதால் மிஷனுக்கு என்ன பலன் என்பதே அவர்கள் கணக்கு. பாடத்தைத் தூண்டிலாகக் கொண்டால், இரையை மட்டும் எடுத்துச் செல்லும் மீனைக் குறைகூற முடியாது. உறுதிமொழி தர மறுத்த யுங் விங் நன்றி கெட்டவர் அல்லர். கொடையின் இயல்பை அவர் கொடுத்தவரினும் தெளிவாய் உணர்ந்திருந்தார்.

லெக்கின் மற்றொரு பணி வேறு கணக்கில் நடந்தது. சீனப் பேரிலக்கியங்களை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அறிஞர் வாங் தாவ் அவருக்குத் துணைநின்றார். கல்லூரி மூடப்பட்டது, அந்த மொழிபெயர்ப்புகள் நிலைத்தன. ஆசிரியர் மாணாக்கராக மாறிய இடத்தில் உறவு பலன் தந்தது.

இதே படிப்பினையைச் சீனத் திருச்சபை பின்னர் தன் வழியில் செயல்படுத்திற்று. 1985-இல் ஆயர் திங் உள்ளிட்ட சீனக் கிறிஸ்தவர் நிறுவிய அமிட்டி அறநிலையம், அயல்நாட்டுத் திருச்சபைகளிலிருந்து ஆங்கில ஆசிரியரை வரவழைத்துக் கல்லூரிகளில் பணியமர்த்தியது. அழைத்தவர் சீனர், முறையை வகுத்தவரும் சீனர். மதமாற்றம் அவ்வாசிரியரின் பணியன்று. நன்றாகக் கற்பிப்பதே பணி. பர்டனுக்கு அரசு விதித்த நிபந்தனை, இங்கு திருச்சபையே மனமுவந்து ஏற்ற ஒழுங்காயிற்று.

நம் செமினரிகளிலும் மாணவர் ஆங்கில நூல்களில் இறையியல் கற்றுத் தமிழில் பிரசங்கிக்கச் செல்கின்றனர். ஹோ ஃபுக்-தாங்கைப்போல் வாசல் வழியே சென்று திரும்புகிறோமா, அல்லது பாறை எங்கே என்று சொந்த மக்களிடம் கேட்கவும் சொல்லின்றி நிற்கிறோமா? பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்தோர் எல்லாரும் ஒரே மொழியைக் கற்கும்படி கட்டளை பெறவில்லை; அவரவர் தம்தம் மொழியில் கேட்டனர். கிராமச் சபையில் எழுத்தறியாத ஒரு தாய் நம் பிரசங்கத்தைக் கேட்டுத் தலையசைக்கும்போது, நாம் கற்ற அயல்மொழி தன் வேலையைச் செய்து முடித்ததென்று கொள்ளலாம்.