வினை முடிந்தும் மீளாதார்: மணிலா சென்ற சென்னைச் சிப்பாய்கள்

வினைவயிற் பிரிந்த தலைவன் கார்காலத் தொடக்கத்தே மீள்வான் என்பது முல்லைத்திணையின் உயிர்நாடி. வேந்தன் பொருட்டுப் பிரியும் பிரிவு ஓராண்டிற்கு உட்பட்டது என்று தொல்காப்பியர் கற்பியலில் எல்லை வகுத்தார். முல்லைக்குப் புறனாக அவர் வஞ்சித்திணையை வைத்தமையும் ஈண்டுக் கருதத்தக்கது. ஒருபுறம் படை செல்கிறது. மறுபுறம் மனை காத்திருக்கிறது. போர் முடிவும் வீடு திரும்பலும் ஒரே நிகழ்ச்சியின் இரு கூறுகள் என்பதே அந்நெறியின் கொள்கை. இக்கொள்கை கூலிப்படையின் காலத்தில் என்ன ஆயிற்று என்பதை ஒரு வரலாற்று நிகழ்ச்சி கொண்டு ஆராய்வோம்.

விழுப்புரம் வட்டாரத்தில், எண்ணாயிரத்தை அடுத்துள்ள பிரம்மதேசம் சோழர் காலக் கோயில்களால் பெயர்பெற்ற ஊர். அதன் வடக்கே வந்தவாசியும், வடமேற்கே செஞ்சியும், தென்கிழக்கே புதுச்சேரியும் உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டின் இடையில் இம்மூன்று இடங்களும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத களங்களாயின. வந்தவாசிப் போர் 1760 சனவரியில் நிகழ்ந்தது. 1761 சனவரியில் புதுச்சேரியும், அவ்வாண்டு ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயின. கல்வெட்டும் கல்லூரியும் தழைத்த நிலம் படைகளின் வழித்தடமாயிற்று. கருநாடகப் போர்கள் எனப்படும் இப்போர்களிலேயே கம்பெனியின் சென்னைச் சிப்பாய்ப் படை உருப்பெற்றது.

இங்குப் போர் ஓய்ந்தபின்னும் அச்சிப்பாய்க்கு ஓய்வு வாய்க்கவில்லை. ஸ்பெயினும் போரில் இறங்கவே, அதன் ஆட்சியிலிருந்த மணிலாவைக் கைப்பற்றச் சென்னையிலிருந்து ஒரு படை புறப்பட்டது. 1762ஆம் ஆண்டு கோடையிறுதியில் கப்பலேறிய அப்படைக்கு வில்லியம் டிரேப்பர் தளபதி. கடற்படைக்குக் கார்னிஷ் தலைவர். ஐரோப்பியப் படையினருடன் ஏறத்தாழ 600 சிப்பாய்களும் சென்றனர். அக்டோபர் 6ஆம் நாள் மணிலா வீழ்ந்தது. சென்ற வினை இரண்டரைத் திங்களுக்குள் முடிந்தது. முல்லை மரபுப்படி இனித் தேர் திரும்புதல் வேண்டும்.

தேர் திரும்பவில்லை. ஐரோப்பாவில் சமாதானம் பேசினோர்க்கு மணிலா வீழ்ந்த செய்தியே எட்டியிருக்கவில்லை. 1763 பிப்ரவரி 10இல் பாரிசு உடன்படிக்கை கையெழுத்தான பொழுதும் அவ்வூரின் பெயர் அதில் இடம்பெறவில்லை. குறிப்பிடப்படாத இடங்கள் கைப்பற்றப்பட்டிருப்பின் அவற்றை மீளக் கொடுத்தல் வேண்டும் என்னும் பொது விதியே மணிலாவின் தலைவிதியை முடிவு செய்தது. அச்செய்தி கடல் கடந்து வரப் பல திங்கள் கழிந்தன. வந்தபின்னும், நகருக்கு வெளியே ஸ்பானியர் எதிர்ப்பை நடத்திய சிமோன் தெ அந்தா எளிதில் இணங்கவில்லை. நகருள் சென்னை அரசின் சார்பில் ஆண்ட டாசன் டிரேக்கிற்கும் படைத்தலைவர்க்கும் இடையே பூசல் மூண்டது. 1764 ஏப்ரலில்தான் படை மணிலாவை விட்டு நீங்கியது. புறப்பட்ட நாள் தொட்டு எண்ணின் இருபது திங்கள். தொல்காப்பியர் வகுத்த ஓராண்டெல்லை எப்போதோ கடந்துவிட்டது.

கப்பல்கள் திரும்பிய பொழுது சிப்பாய் அனைவரும் அவற்றில் இலர். ஒரு பகுதியினர் மணிலாவிற்குக் கிழக்கேயுள்ள கைந்தா என்னும் ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தங்கி, அந்நாட்டுப் பெண்டிரை மணந்து, அம்மக்களுடன் கலந்தனர். அவ்வழித்தோன்றல்கள் என்று தம்மைக் கூறிக்கொள்வோர் இன்றும் அங்கு வாழ்கின்றனர்.

இவர்களைக் கம்பெனி நோக்கில் எழுதியோர் படையைவிட்டு ஓடியவர் என்றனர். இச்சொல் ஆராய்தற்குரியது. அது படையை நடத்தியவன் சொல். படையில் நின்றவன் சொல் அன்று. போர் என்று தொடங்கும் என்பதும், என்று முடியும் என்பதும், கப்பல் என்று வரும் என்பதும் பிறர் கையில் இருந்தன. தங்குவதா, மீள்வதா என்பது ஒன்றே சிப்பாய் தானே முடிவு செய்தற்கு எஞ்சியிருந்தது. ஆகவே இதனை ஓட்டம் என்பதினும் முடிவு என்பதே பொருந்தும் என்பது நம் கருத்து. எனினும் இம்முடிவிற்கு ஒரு மறுபக்கம் உண்டு. தமிழகத்தில் அவர்களை எதிர்நோக்கிய மனையோர் இருந்திருப்பின், அவர்க்குக் கார்காலம் பொய்த்ததேயன்றி வேறன்று. அதனையும் மறைத்தல் ஆகாது.

நம் இலக்கியத்திலும் இதற்கு ஒரு சான்று உளது. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில் அரசனது பாசறையை யவனரும் மிலேச்சரும் காக்கின்றனர். அரசன் மீள்கின்றான், அவன் வரவால் மனையின் துயர் தீர்கின்றது. அக்காவலர்க்கும் ஓர் ஊரும் ஒரு மனையும் இருந்திருத்தல் வேண்டும். அவர் எப்போது மீள்வர் என்னும் வினாவைப் பாட்டு எழுப்பவில்லை. அது தலைவனது முல்லையே அன்றிக் காவலனது முல்லை அன்று. மணிலாவில் அந்தக் காவலன் நிலையில் நின்றவன் சென்னைச் சிப்பாய்.

இந்நிலை அவனோடு ஒழியவில்லை. 1945 ஆகஸ்டில் சப்பான் சரணடைந்த பின்னும் சாவாத் தீவிற்கு அனுப்பப்பட்ட இந்தியப் படையினர், 1946 நவம்பர் இறுதி வரை அங்கு நிறுத்தப்பட்டனர். அங்கும் ஓராண்டெல்லை கடந்தது.

பாசறையில் நின்ற படைஞனைத் தலைவனாகக் கொண்டு முல்லையை மீண்டும் கற்றல் வேண்டும். நடுகல் களத்தில் வீழ்ந்தோனை நினைவூட்டும். வீழாமலும் மீளாமலும் போனவனுக்குக் கல் இல்லை. அவனுக்கு இடம் அளிக்கும் கடமை வரலாற்றிற்கும் இலக்கிய ஆராய்ச்சிக்கும் ஒருங்கே உரியது.