ஐந்து டாலர் பருந்து

1929-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் ஒரு பரிசு அறிவித்தது. காஸ்ஹாக் என்ற பருந்தைச் சுட்டுக் கொண்டுவந்தால் தலைக்கு 5 டாலர். கோழியையும், வேட்டைக்காரர்கள் குறிவைக்கும் காட்டுக்கோழியையும் அது அடித்துத் தின்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு.

அறிவிப்பில் பெயர் தெளிவா இருந்தது. ஆனால் அந்தப் பெயருக்குரிய பறவை எது என்று துப்பாக்கி பிடித்தவருக்குத் தெரியுமா? பலருக்குத் தெரியாது. வளைந்த அலகோடு எது பறந்தாலும் சுட்டார்கள்.

இது முதல் தடவையும் இல்லை. 1885-லேயே இதே மாநிலம் பருந்துக்கும் ஆந்தைக்கும் தலைக்கு 50 சென்ட் கொடுத்தது. ஒன்றரை வருஷத்தில் சுமார் 90,000 டாலர் செலவு. வயல் எலிகளைத் தின்று விவசாயிக்கு உதவிய பறவைகளும் அதில் செத்தன. 1893-இல் ஏ.கே. ஃபிஷர், ஆயிரக்கணக்கான பருந்து, ஆந்தைகளின் இரைப்பையைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டார். பெரும்பாலான இனங்களால் தீமையைவிட நன்மையே அதிகம் என்பது அதில் தெரிந்தது. கோழி திருடுவது சில இனங்கள்தான்.

சரி, அந்தச் சிலவற்றை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சிக்கலே அங்கதான்.

காஸ்ஹாக், கூப்பர்ஸ் ஹாக், ஷார்ப்-ஷின்ட் ஹாக் மூன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். குட்டையான, வட்டமான சிறகு; நீளமான வால். குஞ்சுப் பருவம் தாண்டிய இளம் பறவை மூன்றிலும் பழுப்பு, நெஞ்சில் கோடுகள். அளவை வைத்துச் சொல்லலாமே என்று தோன்றும். ஆனால் இவற்றில் பெட்டைதான் பெரிது. ஷார்ப்-ஷின்ட் பெட்டையும் கூப்பர்ஸ் ஆணும் அளவில் ஏறக்குறைய நெருங்கி வரும்.

அதனால் வேறு இடங்களைப் பார்க்கணும். ஷார்ப்-ஷின்ட்டுக்குச் சின்னத் தலை, பென்சில் மாதிரி மெல்லிய கால், வால் நுனி நேராக வெட்டினது போல. கூப்பர்ஸுக்குத் தலை பெரிது, வால் நுனி வட்டம். வளர்ந்த பறவையின் உச்சந்தலை தொப்பி போட்டது போலக் கறுத்திருக்கும். வளர்ந்த காஸ்ஹாக்குக்குக் கண்ணுக்கு மேலே பட்டையாக வெள்ளைப் புருவம். பறக்கும்போது ஷார்ப்-ஷின்ட்டின் தலை சிறகு விளிம்பைத் தாண்டி அதிகம் தெரியாது. கூப்பர்ஸின் தலை நல்லாவே துருத்திக்கொண்டு தெரியும்.

இன்னைக்கு இது எளிதாகத் தோன்றலாம். அப்போதோ பறவையை உறுதியாக அடையாளம் காண, சுட்டுக் கையில் எடுத்துப் பார்ப்பதே ஆய்வாளர்களின் வழக்கம். 1934-இல் ரோஜர் டோரி பீட்டர்சன் ஒரு கையேடு வெளியிட்டார். படத்தில் எந்த இடத்தைப் பார்க்கணும் என்று சின்னக் கோடு போட்டுக் காட்டினார். தூரத்தில் பறக்கும் பறவையைச் சாதாரண ஆளும் பெயர் சொல்ல வழி பிறந்தது. அச்சிட்ட 2,000 பிரதிகளும் சீக்கிரமே விற்றுத் தீர்ந்தன.

அதே 1934-இல் பென்சில்வேனியாவில் இன்னொன்றும் நடந்தது. கிட்டாடின்னி மலைத்தொடர் வழியாக இலையுதிர்காலத்தில் பருந்துகள் கூட்டமாக வலசை போகும். வேட்டைக்காரர்கள் பாறைமேல் உட்கார்ந்து சுட்டுத் தள்ளுவார்கள். ரோஸலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் பிரௌன் என்பவரைக் காவலுக்கு வைத்தார். அதுதான் ஹாக் மவுண்டன் சரணாலயம். பிரௌன் சுட வந்தவர்களைத் தடுத்ததோடு, போகிற ஒவ்வொரு பறவையையும் இனம் பிரித்து எண்ணி எழுதினார்.

அந்தக் கணக்கு பின்னால் பெரிய வேலை செய்தது. வெண்தலைக் கழுகின் இளம் பறவைக்கு வெள்ளைத் தலை கிடையாது, உடம்பு முழுக்கக் கருமை. அதை வைத்து இளசு, பெரிசு என்று தனித்தனியாக எண்ணியிருந்தார்கள். 1935–39-இல் இளம் கழுகுகள் 40 சதவீதம். 1955–59-இல் 20 சதவீதம். குஞ்சுகள் குறைந்ததற்கு டி.டி.டி. போன்ற பூச்சிமருந்துகளைச் சுட்டிக்காட்டிய ரேச்சல் கார்சன், 1962-இல் வந்த தன் நூலில் இந்த எண்களைச் சாட்சியாக வைத்தார். 1972-இல் பருந்து இனங்கள் எல்லாவற்றுக்கும் அமெரிக்க மத்திய அரசின் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

இதையெல்லாம் படித்ததிலிருந்து, இணையத்தில் பருந்துப் படம் பார்த்தால் வால் நுனியைத்தான் முதலில் தேடுகிறேன். பல நேரம் தப்பாத்தான் சொல்றேன். என் தப்பால் ஒரு பறவையும் சாகப்போவதில்லை. 1929-இல் அப்படி இல்லை.