யவனர் மதுவும் நமது கரையும்



பண்டைத் தமிழகத்துக்கு யவனர் கொணர்ந்த பொருள்களுள் மதுவும் ஒன்று என்பதைப் பள்ளிப் பாடநூல்களிற் படித்திருப்பீர்கள். இச்செய்திக்கு ஆதாரம் யாது, அம்மது எத்தகையது, எவ்வுணவுக்கு ஏற்றது, நமது குடாநாட்டுக்கு இதனால் வரும் பாடம் என்ன என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

முதற் சான்று புறநானூறு. அதன் 56ஆம் பாட்டில், இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பாண்டியனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் தந்த நறுமண மதுவைப் பொற்கிண்ணத்திற் பருகி அவன் இன்புற்றிருக்க வேண்டுமென்கிறார். இரண்டாவது சான்று, கி.பி. முதல் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பெரிப்ளுஸ் எனும் வணிகர் கைந்நூல். முசிறியை அடுத்த துறைகளில் இறங்கிய பண்டங்களுள் மதுவும் உண்டெனக் கூறும் அந்நூல், அதன் அளவு சிறிதே என்றும் குறித்துள்ளது. மூன்றாவது சான்று மண்ணிற் கிடைத்தது. 1945இற் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, அம்போரா எனப்படும் இரு கைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. அவற்றுட் பல, ஈஜியன் கடலிலுள்ள கோஸ் தீவின் மதுச் சாடிகளை ஒத்தவை.

அம்மது கசிந்தொழுகாதிருக்கச் சாடியின் உட்புறத்திற் பிசின் பூசினர். கோஸ் மதுவிற் கடல்நீர் கலப்பது மரபு; ரோமரான கேட்டோ அதன் செய்முறையை எழுதிவைத்துள்ளார். பருகும்போதும் தண்ணீர் கலந்தே பருகினர். கலவாது குடித்தல் நாகரிகமற்றோர் செயலெனக் கிரேக்கர் எள்ளினர்.

இன்று மத்தியதரைக் கடலை அடுத்த தென்பிரான்சில் கிரனாஷ், சிரா, மூர்வெத்ர் எனும் பலவினப் பழங்களைச் சேர்த்துச் செம்மது ஆக்குகின்றனர். அதன் துவர்ப்பு பழத்தோலிலும் விதையிலுமிருந்து வருவது. நாவிற் படியும் கொழுப்புக்கு அத்துவர்ப்பு மாற்றாதலின், சுட்ட ஆட்டிறைச்சிக்கும் முதிர்ந்த பாலாடைக்கட்டிக்கும் அது நன்கு பொருந்தும். மிளகாயின் உறைப்பையோ அது மேலும் மிகுவிக்கும். ஆகவே நமது உறைப்புக் கறிகளுக்கு அது நல்ல துணையன்று. ஆயின் நன்மாறன் காலத்தில் மிளகாய் இங்கு இல்லை. அது போர்த்துக்கேயர் வருகைக்குப் பின் வந்தது. அக்காலத்துக் காரம் மிளகே. எனவே பாண்டியன் அரண்மனையிற் சுட்ட ஊனும் யவனர் மதுவும் ஒன்றையொன்று பகைத்திரா என எண்ணலாம்.

இனி நமது குடாநாட்டுக்கு வருவோம். கந்தரோடையில் 1970இற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, நடுவே பற்சக்கரத்தாற் பதித்த புள்ளி வளையங்களையுடைய தட்டுகளின் ஓடுகள் கிடைத்தன. ரூலெட்டட் எனப்படும் இவ்வகைத் தட்டுகள் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தவை என வீலர் கருதியிருந்தார். யானும் அவ்வாறே வகுப்பறையிற் பல்லாண்டு கற்பித்தேன். பிற்காலக் களிமண் ஆய்வுகளோ, அவை இந்தியத் துணைக்கண்டத்திலேயே வனையப்பட்டவை எனக் காட்டின. ஆதலின் அத்தட்டைக் காட்டி, யவனர் இங்கிருந்து மது அருந்தினர் எனக் கூறுதல் தவறு. யான் கற்பித்ததைத் திருத்திக் கூறவே இவ்வாய்ப்பைப் பயன்படுத்துகின்றேன். இத்திருத்தத்தால் கந்தரோடையின் பெருமை குன்றாது. அத்தட்டுகள் வங்கக் கடலோரத் துறைகளோடு நம் முன்னோர் கொண்ட உறவுக்குச் சான்றாகின்றன.

கள்ளுக்கு நம் மூதாதையர் பிறநாட்டை நாடவேண்டியிருக்கவில்லை. பனை அதனை அளித்தது. திராட்சையை நாம் முந்திரிகை என்போம். இன்று நமது செம்மண்ணில் அதற்கும் தோட்டங்கள் உள. 1928இல் தோலகட்டியில் நிறுவப்பெற்ற கத்தோலிக்கத் துறவியர் மடத்தின் முந்திரிகை இரசம் குடாநாட்டிற் பெயர்பெற்றது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வயலிலோ கிணறு வெட்டுமிடத்திலோ பழைய ஓடொன்றைக் கண்டால், அதனை எடுத்துச் சென்று மேசையில் வைத்து அழகு பார்க்காதீர்கள். கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இடம் தெரியாத ஓடு எவ்வளவு அழகியதாயினும் வரலாற்றுக்கு ஊமையே.