வீட்டு விலைச் சரிவும் விற்பனைக் காலமும்: அமெரிக்கா, 2006–2012

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2006-ஆம் ஆண்டின் நடுவில் உச்சத்தைத் தொட்ட வீட்டு விலை, ஏறத்தாழ ஆறாண்டுகள் இறங்கி 2012-இன் தொடக்கத்தில் அடிமட்டத்தை அடைந்தது. கேஸ்–ஷில்லர் தேசியக் குறியீட்டின்படி வீழ்ச்சி சுமார் 27 விழுக்காடு. ஆயினும் லாஸ் வேகஸில் விலை 60 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தபோது டாலஸில் சரிவு அதில் சிறு பங்கே என்பதால், தம் வீட்டை விற்க எண்ணியவருக்கு நாடு தழுவிய சராசரி அதிகம் உதவவில்லை.

பொருளியலாளர்கள் கார்ல் கேஸும் ராபர்ட் ஷில்லரும் 1980-களில் உருவாக்கிய இக்குறியீடு, ஒரே வீடு வெவ்வேறு காலங்களில் விற்ற விலைகளை ஒப்பிடும் மறுவிற்பனை முறையைச் சார்ந்தது. ஆகவே ஒரு பருவத்தில் பெரிய வீடுகள் கூடுதலாக விற்பதால் மட்டும் அது உயர்ந்துவிடுவதில்லை. ஆனால் அது மூன்று மாதச் சராசரியாகக் கணக்கிடப்பட்டு இரு மாதத் தாமதத்துடன் வெளிவருகிறது. விலை பேசி முடிப்பதற்கும் கிரயம் முடிவதற்கும் இடையிலுள்ள வாரங்களையும் கூட்டினால், விற்பவர் பார்ப்பது நான்கைந்து மாதங்களுக்கு முந்தைய நிலவரத்தையே. மந்தச் சந்தையில் முதலில் குறைவது விற்பனை எண்ணிக்கை, விலை பிறகே இறங்கும். எனவே இருப்பு மாதக் கணக்கே, அதாவது விற்பனைக்கு நிற்கும் வீடுகள் நடப்பு வேகத்தில் விற்றுத் தீர எத்தனை மாதமாகும் என்ற கணக்கே, நம்பகமான முன்னறிகுறி. ஆறு மாத இருப்பு சமநிலை எனக் கொள்ளப்படுகிறது. 2010 ஏப்ரல் 30-க்குள் ஒப்பந்தம் செய்து முதல் வீடு வாங்குவோருக்கு 8,000 டாலர் வரை அளிக்கப்பட்ட வரிச்சலுகை முடிந்தபின், ஜூலையில் இருப்பு 12 மாதங்களைத் தாண்டியது. கோடையில் வாங்கியிருக்கக்கூடியவர்கள் வசந்தத்திலேயே வாங்கிவிட்டிருந்தனர்.

விலை தயங்கித் தயங்கி இறங்குவதற்கு விற்பவரின் மனநிலையும் ஒரு காரணம். டேவிட் ஜெனசோவும் கிறிஸ்டோபர் மேயரும் 1990-களின் பாஸ்டன் அடுக்குமாடி வீடுகளை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட கட்டுரை, வாங்கிய விலைக்குக் கீழே விற்க நேர்ந்தவர்கள் அந்த வித்தியாசத்தில் 25 முதல் 35 விழுக்காட்டைத் தாம் சொல்லும் விலையில் ஏற்றிவைத்தனர் எனக் காட்டியது. 3,00,000 டாலருக்கு வாங்கிய வீடு இன்று 2,50,000 மட்டுமே பெறும் எனில், ஏற்றம் 12,500 முதல் 17,500 டாலர் வரை இருக்கும். அதில் ஒரு பகுதி அவர்களுக்குக் கிடைக்கவும் செய்தது. ஆனால் வீடு விலைபோக நெடுநாள் பிடித்தது. காலியாக நிற்கும் வீட்டுக்கு வட்டியும் சொத்து வரியும் கட்டிவருபவருக்கு இது லாபமா என்பது ஐயமே.

விற்ற கையோடு பெரிய வீடு வாங்குபவரின் நிலை வேறு. எல்லா விலையும் 20 விழுக்காடு குறைந்தால், 2,00,000 டாலர் வீட்டில் 40,000 இழப்பவர் 4,00,000 டாலர் வீட்டில் 80,000 மிச்சப்படுத்துகிறார். மந்தம் அவருக்குச் சாதகமே. ஆனால் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வீட்டுக் கடன் பெற்றவர்களில் நான்கில் ஒருவருக்கு வீட்டின் மதிப்பைவிடக் கடன் பாக்கி மிகுந்திருந்ததால், இக்கணக்கு பலருக்கு ஏட்டளவில் நின்றது. கடன் கொடுத்தவர் சம்மதத்துடன் பாக்கிக்கும் குறைவாக விற்பதே அவர்களுக்கு எஞ்சிய வழி. தள்ளுபடியான தொகை வருமானமாகக் கருதப்பட்டு வரிக்குள்ளாகும் இடரை 2007 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் குடியிருக்கும் வீட்டுக்கு நீக்கியது. அச்சலுகையும் கெடு வைத்தே வழங்கப்பட்டதால், இவர்கள் எப்போது விற்பது என்பது வங்கியின் சம்மதத்தையும் அந்தக் கெடுவையும் பொறுத்திருந்தது.